அங்கன என்றால் எங்கே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோதும் வரவில்லை. மின்னஞ்சலில் வந்தது.

ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. சர்க்கரை நோய்க்காரர்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண் அறுவைக்குப் பிறகு எப்போது தலைக்குக் குளிக்கலாம், இந்த மாதிரி. அப்படி ஒரு பக்கம் வந்தது. புற்றுநோய் ஓரிடத்தில் வந்து, வைத்தியம் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது வேறோர் இடத்தில் தலைகாட்டலாம். பெரும்பாலும் நுரையீரல், எலும்பு, ஈரல். அபூர்வமாக யாரும் நினைத்துப் பார்க்காத இடங்கள். பெண்களுக்கு அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று—

இந்த வாக்கியத்தில்தான் நான் நின்றுபோனேன்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தது. தமிழில் அதற்கு நாற்காலியே இல்லை. 'பிறப்புறுப்பு' என்று போட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'பெண்ணுறுப்பு' என்றால் வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்று தெரியாது. 'யோனி' என்றால் கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. பழைய பாட்டுகளில் 'அல்குல்' உண்டு. ஆனால் அது உடம்பில் எந்த இடம் என்று புலவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை வைத்து நோயாளிக்கு என்ன சொல்வது? மிச்சம் இருப்பவை மீன் ஏலத்தில் தகராறு வந்தால் காதில் விழுபவை. கடைசியில் 'பெண்ணுறுப்பின் உட்பாதை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகும் மனசு ஆறவில்லை. ஒருத்திக்கு நிஜமாகவே அங்கே நோய் வந்தால், அவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து எந்தச் சொல்லைச் சொல்வாள்?

கதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு கேள்வி மாட்டினால் போதும், வேறு வேலை ஓடாது.

2

முதல் தொடக்கம் இது:

"முத்துக்குளித்துறையின் ஆழத்தில் சிப்பி ஒன்று தன் நோயை—"

வேண்டாம். கட்டியை முத்தோடு ஒப்பிடுவது தூத்துக்குடியில் எழுத உட்காரும் எல்லோருக்கும் ஒருமுறை வந்து போகும் காய்ச்சல். எனக்கும் வந்துவிட்டது, இனி வராது.

இரண்டாம் தொடக்கம்:

"எமில்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த வீடு. புருஷன் சிலுவை, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல்."

[தண்டல் என்றால் தோணியின் தலைவர். வெளியூர் வாசகர்களுக்காக இந்த அடைப்புக்குறி. உள்ளூர்க்காரர்கள் தாண்டிப் போகலாம்.]

இது ஓடியது. எமில்டா எங்கள் ஆட்களில் ஒருத்தி. அவள் என்ன குழம்பு வைப்பாள், பூசைக்கு எந்தச் சேலை கட்டுவாள், கோபம் வந்தால் "சேசுவே" என்பதை எப்படி இழுப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எமில்டா முழுக்க முழுக்க என் கற்பனை. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயைப் பிரசுரத்திலிருந்து எடுத்தேன். சிறுநீரகத்தில் வரும் புற்று மிக அபூர்வமாக அந்த உட்பாதையின் சுவரில் போய் ஒட்டலாமாம். இடப்பக்கச் சிறுநீரகம் என்றால் அதற்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல்.

[ஏன் என்றால், இடப்பக்கச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில்தான் இடப்பக்கச் சினைப்பையிலிருந்து வரும் குழாய் வந்து சேர்கிறது. மேலே போக வேண்டிய ரத்தம் சில சமயம் அந்தக் குழாய் வழியே கீழே திரும்பிவிடும். கடலின் ஓட்டத்தை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். நீவாடு திரும்பினால் வலை எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. இந்த ஒப்புமை எனக்குப் பிடித்திருப்பதால் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.]

அறுவைத் தழும்பை மட்டும் வெளியே போய்த் தேடவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பாண்டியராஜன் அண்ணாச்சிக்கு மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை. அவர் மனைவி செல்லத்தாய் அக்கா, ஏரலில் பிறந்தவள். சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு இடது கிட்னியில் புற்று வந்து, கிட்னியையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து தவறாமல் பரிசோதனைக்குப் போய் வருகிறாள். கடைசியாக எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்த சந்தோஷத்தில் அண்ணாச்சி தெருவுக்கே மக்ரூன் கொடுத்தார். எனக்குக் கிடைத்ததை நான் ஒரே மூச்சில் தின்று தீர்த்துவிட்டு, அந்த அட்டைப் பெட்டியில்தான் இப்போது பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா மாடியில் துணி காயப்போடும்போது சேலை விலகித் தழும்பு தெரியும். அதை அப்படியே தூக்கி எமில்டாவின் இடுப்பில் ஒட்டினேன். எங்கள் தொழிலில் இது சகஜம். மதத்தை மாற்றி, புருஷனுடைய வேலையை மாற்றிவிட்டால் உடையவர்களுக்கே அடையாளம் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை.

3

டாக்டர் அறைக்காட்சி.

"எமில்டா டாக்டரிடம், 'எனக்குப் பெண்ணுறுப்பில் குருதிப்போக்கு இருக்கிறது' என்றாள்."

திரேஸ்புரத்துக்காரி இப்படிப் பேசினால் சிலுவை அவளைப் பேய் பிடித்துவிட்டதென்று பங்கு சாமியாரிடம் கூட்டிப் போவான்.

"எமில்டா டாக்டரிடம், 'எனக்குக் கீழே—'"

கீழே என்றால் காலும் கீழேதான்.

"எமில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய மௌனமே—"

மௌனத்தை எல்லாம் பேசவைப்பது சோம்பேறித்தனம். அடித்தேன். கடைசியில் இப்படி விட்டேன்:

எமில்டா டாக்டரிடம், "..................." என்றாள்.

4

செல்லத்தாய் அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தாள். உப்பளக் காற்று அடிக்கும் பிற்பகல், துணி விறைப்பாகக் காய்ந்திருந்தது. எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம். அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"என்னளா ஜெமி, தனியாப் பேசுத?"

கதை என்றேன். வாசிக்கச் சொன்னாள். நானும் யார் கேட்டாலும் வாசிக்கிற ரகம்தான். துணிகளை மடியில் போட்டு மடித்துக்கொண்டே கேட்டாள். தழும்பு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இது யாருதப் பாத்து எழுதுன?"

"உங்களதுதான்க்கா." வேறு என்ன சொல்ல.

"ம். நல்லாத்தான் இருக்கு. வாசி."

குருதிப்போக்கு வாக்கியம் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தப் பொம்பளளா இப்படிச் சொல்லுவா? ரேடியோவுல நியூஸ் வாசிக்கவளா?"

"பெறகு எப்படித்தான் சொல்லுவா?"

"அங்கனன்னு சொல்லுவா. வேற என்னத்தச் சொல்லுவா."

நான் துள்ளிக் குதிக்காத குறை. ஒரு நாள் பூராவும் அகராதிகளோடு மல்லுக்கட்டியவளுக்கு, அகராதியில் தேடவே தோன்றாத சொல். 'அங்கே' என்பதை எங்கள் பக்கம் அங்கன என்போம். கடை அங்கன இருக்கு, பஸ் அங்கன நிக்கும். அதே சொல்லைத்தான் பெண்கள் குரலை ஒரு படி இறக்கி, இந்த இடத்துக்கும் சொல்கிறார்கள். அங்கன வலி, அங்கன அரிப்பு, பேறுகாலத்தில் அங்கன தையல். நானும் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு சொல் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"ஆனா டாக்டருக்கு வெளங்காது பாத்துக்கோ" என்றாள் அக்கா.

"ஏன்?"

"அங்கனன்னு சொல்லும்போது அவ கை எங்கன இருக்கும்? ஆம்பள முன்னால அங்கனயா கொண்டு போயி வைக்க முடியும்? சும்மா இடுப்புல வச்சிருப்பா. அவரு அந்தத் தழும்பத்தான் சொல்லுதான்னு நெனச்சிக்கிடுவாரு. திரையக்கூட இழுக்கமாட்டாரு. உக்காந்த வாக்குலயே சேலைய வெலக்கி, தழும்ப அமுக்கி, வலிக்கான்னு கேப்பாரு. அங்க வலிக்கலல்லா? வலிக்கலன்னுதான் சொல்லணும். எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்பாரு."

நான் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வாசகி எத்தனை எழுத்தாளர்களுக்கு வாய்ப்பாள்?

"ஸ்கேன்ல தெரியாதா?"

"வயித்த எடுத்தா வயித்துல உள்ளதுதான தெரியும்? சுத்தமா இருக்குன்னுருவாவ."

"அப்பவாவது அவ சொல்லலாம்லா, நான் சொன்னது வேற எடம்னு?"

அக்கா ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"எந்த வாயால சொல்லுவா? மவன் துபாய்லருந்து போன் பண்ணி அழுதுட்டான், அம்மாக்கு ஒண்ணும் இல்லன்னு கேட்டதும். அவிய கடைய அடச்சிட்டு ஓடி வந்து தெருவுக்கே மக்ரூன் குடுத்துட்டாவ. எல்லாவளும் வாயில இனிப்போட நிக்கும்போது, இல்ல, அது இல்ல, வேறன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

மக்ரூன் நல்ல உள்ளூர் விவரம் என்று அடிக்கோடு போட்டேன். ஓர் இடம் மட்டும் இடித்தது.

"அக்கா, எமில்டா புருஷனுக்குக் கடை கிடையாதே. அவரு தோணியில போறவரு."

அவள் கொடியைப் பார்த்தாள். எடுக்க அதில் ஒரு துணியும் மிச்சமில்லை.

"ஆமால்லா" என்றாள். "தோணில்லா. மறந்துட்டேன்."

என் கையில் இருந்த பேனா அந்த மக்ரூன் பெட்டியிலிருந்து எடுத்தது.

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

6

[செல்லத்தாய் என்பது அவள் பெயரல்ல. ஏரலும் மாறியிருக்கலாம். கடையில் விற்பது பலசரக்கா வேறா என்று கேட்காதீர்கள். மக்ரூன் மட்டும் நிஜம்.]

அவளே பேச்சை எடுத்தாள்.

"ரத்தம் போறத எங்கருந்து எடுத்த? நான் காயப்போடுத துணியப் பாத்தியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. எனக்கு வந்த ஒரு பிரசுரத்துல இருந்தது."

"அப்போ அப்படி வருமா? கிட்னில உள்ளது அங்கன வருமா?"

"எப்பவாவது, யாருக்காவது வரும்னு போட்டிருக்கு."

அவள் முகத்தில் பயத்தைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் வந்தது ஆறுதல். அதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. தனக்கு மட்டும் நடக்கிற அசிங்கம் என்று நினைத்திருந்த ஒன்றை யாரோ அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட ஆறுதல். பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"எமில்டாவுக்கா?"

பேனாவைப் பெட்டியில் போட்டேன். "ஆமா. எமில்டாவுக்கு."

"ரெண்டு மூணு மாசம் இருக்கும். மொதல்ல திட்டுத்திட்டாத்தான் பட்டுது. தூரம் நின்னு வருசக்கணக்கு ஆச்சே, இந்த வயசுல திரும்ப வருதோன்னு அவளுக்கு வெக்கம். பெறகு ஒருநா குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டுது. சுண்டைக்கா கணக்கா ஒண்ணு." மடித்த துணிகளை எல்லாம் அள்ளி மடியில் இறுக்கிக்கொண்டாள். "அவ செத்துப்போயிருவாளா ஜெமி?"

என்னிடம் அப்போது இரண்டு முடிவுகள் இருந்தன. மேசையில்தான் கிடந்தன.

முடிவு ஒன்று: எமில்டா கடைசிவரை சொல்லவே இல்லை. ஐப்பசி மழையில் அடக்கம். சிலுவை தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்று, அவள் 'அங்கன' என்று சொன்னபோதெல்லாம் எந்தத் திசையைச் சொன்னாள் என்று யோசிக்கிறான். இதை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். எங்கள் கதைகளில் பெண்கள் நோயில் செத்துக் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கிறது.

முடிவு இரண்டு: பனிமய மாதாவின் சப்பரம் வரும்போது எமில்டா கூட்டத்தில் நின்று அழுகிறாள், மறுநாள் கட்டியைக் காணவில்லை. இது என் அம்மாவுக்காக.

அக்கா கேட்டுக்கொண்டு நிற்கும்போது முதலாவதை வாசிக்க முடியவில்லை. அந்தத் தாளை எடுத்து அவளுக்குத் தெரியாமல் கவிழ்த்து வைத்தேன்.

"முடிவு இன்னும் எழுதலக்கா."

"எழுதலன்னா எழுது. நான் இங்கனதான இருக்கேன்."

7

கணினியைத் திறந்து என் மொழிபெயர்ப்பையே வாசித்துக் காட்டினேன். 'பெண்ணுறுப்பின் உட்பாதை' என்று வந்ததும் அவள், "அது எங்கன இருக்கு? டவுன் பஸ் போவுமா?" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மீதியை வாசிப்பதை விட்டுவிட்டு வாயால் சொன்னேன்.

அந்த ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் வெட்டி எடுக்கலாம், இல்லையென்றால் கதிர்வீச்சு வைப்பார்கள். அது எந்த நோய் என்று துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும். வேறு எங்கும் இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடுவார்கள். இப்போது புது மருந்துகளும் இருக்கின்றன. அதற்குப் பிறகு பல வருடம் இருந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். ஒருவேளை அது புற்றாகவே இல்லாமலும் போகலாம்.

"ஆனா சொன்னாத்தான்க்கா எதுவும். சொல்லாட்டா அவரு தழும்பத்தான் அமுக்கிக்கிட்டே இருப்பாரு."

எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "நான் கூட வாரேன். உங்களுக்குப் பதிலா நானே டாக்டர்கிட்டச் சொல்லுதேன்" என்றேன்.

"நீ சொல்லுவியா? எங்க, இப்பச் சொல்லு பாப்போம்."

வாயைத் திறந்தேன்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். மாடியில் எங்கள் இருவரையும் ஒரு காக்காவையும் தவிர ஆள் கிடையாது. வாய் திறந்தபடியே இருந்தது.

"வரமாட்டேக்குல்லா?" என்றாள் அக்கா. "படிச்சவளுக்கே வரமாட்டேக்கு."

லேடி டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரே பிடியாக நின்றாள். "அவருதான் என்னயப் பொழைக்க வச்சவரு. எம் ஒடம்புல உள்ளது பூரா அவருக்குத் தெரியும். இத வேற ஆளுட்ட போயிச் சொன்னா சரியா இருக்காது."

என்னய என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் எமில்டாவை இழுக்கவில்லை. எமில்டா திரேஸ்புரத்துக்கே போய்விட்டாள்.

சரி, என்ன சொல்வது? நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்று பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றைச் சொன்னால் டாக்டரைத் திட்டுகிற மாதிரி இருக்கும். 'மர்ம உறுப்பு' என்றேன், அதைப் பேப்பரில் கொலைச் செய்தியில் வாசித்திருக்கிறாளாம். ஒண்ணுக்குப் போகிற இடம் என்றால் அவர் மூத்திரத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடுவார், கிட்னி டாக்டர் வேறு.

"செந்திலு பொறக்கும்போது தையல் போட்டாவல்லா" என்றாள் திடீரென்று. செந்தில்வேல் அவளுடைய மகன், அந்தத் துபாய்க்காரன். "செந்திலு பொறந்த வழின்னு சொன்னா?"

நான் அவளையே பார்த்தேன்.

"பிள்ள பொறந்த வழியில ரத்தம் வருது டாக்டர்." சொல்லிவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு மறுபடி சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள், சுவரைப் பார்த்துச் சொன்னாள், காக்காவைப் பார்த்துச் சொன்னாள். பாதியில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழும்போதும் வாக்கியத்தை விடவில்லை, முடித்துவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தாள்.

நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அது. எழுதியது நானில்லை என்பது வேறு விஷயம்.

8

அண்ணாச்சியிடம் இப்போதைக்கு வேண்டாம், முதலில் டாக்டர், பிறகு வீடு என்று அவளே வரிசை வைத்தாள். "அவியட்ட நான் சொல்லிக்கிடுதேன். மக்ரூன் தந்த கைய வச்சிக்கிட்டு பாவம், நெஞ்சப் புடிச்சிக்கிடுவாவ."

ஆட்டோவில் போனோம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. நின்ற நேரத்தில் அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதால சாமி கும்புடுதாவளோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீ இத எழுதுவல்லா?" என்றாள் அக்கா என்னிடம்.

"வேண்டாம்னா எழுதலக்கா."

"எழுது. எம் பேரு வேண்டாம்." கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் புள்ளி புள்ளியா வச்சிருந்தியே, எமில்டா டாக்டர்ட்ட சொல்லுத எடம். அத நெரப்பாத. எனக்குச் செந்திலு பொறந்த வழி. பிள்ள பெறாதவ என்ன சொல்லுவா? அவ அவளுக்கு ஒண்ணு வேணும்லா."

லாரிகள் நகர்ந்தன.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நானும் வாரேன்க்கா."

"நீ வந்தா, நான் தெணறுத நேரத்துல நீ உட்பாதைன்னு எதையாவது சொல்லிப்புடுவ. இரி. நான் சொல்லிக்கிடுதேன்."

சேலையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

9

இங்கே என்னால் கதவைத் திறக்க முடியும். எழுதுகிறவளுக்கு எந்தக் கதவும் கதவில்லை. எமில்டாவாக இருந்தால் இந்நேரம் உள்ளே போய், டாக்டரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து மேசை மேல் இருக்கும் பொம்மைக் கிட்னி வரை எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். அக்கா என்னை வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறாள். இருக்கிறேன்.

முடிவு ஒன்றைக் கிழித்துப்போட்டுவிட்டேன். முடிவு இரண்டு அம்மாவிடம் இருக்கிறது. மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. சதை எடுத்துப் பார்த்ததில் என்ன வந்தது, அண்ணாச்சி என்ன செய்தார், செந்தில்வேல் ஊருக்கு வந்தானா, எதையும் என்னிடம் கேட்காதீர்கள். அவள் உள்ளே என்ன சொன்னாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. பயிற்சி எடுத்ததைச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் குழறி, கை பழையபடி இடுப்புக்குப் போய், 'அங்கன' என்று சொல்லியிருக்கலாம். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள். முடிந்தால் எழுதுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அவள் டாக்டரிடம், "..................." என்றாள்.

எனக்குக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். முதலில் டாக்டரின் குரல், வழக்கமான விசாரிப்பு. அக்காவின் குரல், சன்னமாக. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து, என்னை அறியாமல் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை எனக்கும் வாயில் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு கொஞ்சம் திறந்து, டாக்டர் எட்டிப்பார்த்து, "சிஸ்டர், கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். சிஸ்டர் கையில் இருந்ததை வைத்துவிட்டுப் போனார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பிறகு, திரையின் வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.